பல என்ட்ரி, ஒரு தளம்: பொது ஜாவாஸ்கிரிப்டை எப்படிப் பிரிப்பது?

ஒரு தளத்தில் பக்கத்துக்கு ஒரு என்ட்ரி கோப்பு (அந்தப் பக்கத்தின் நிரல் தொடங்கும் கோப்பு) என்று வைத்த உடனே எழும் கேள்வி, எல்லாருக்கும் பொதுவான ஜாவாஸ்கிரிப்டை எங்கே வைப்பது என்பது. "இரண்டு இடத்தில் பயன்பட்டால் பொதுவில் போடு" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி பதில்தான். அந்த நிரலை இறக்கியவர் அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவார், அந்த நிரல் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும் என்ற இரண்டையும் பார்க்காமல் பிரித்தால், பிரிக்காமல் விட்டதைவிட மோசமான தளம் கிடைக்கும்.

கணக்கோடு பேசினால் தெளிவாக இருக்கும். குற்றாலத்து லாட்ஜுகளில் அறை பதிவு செய்ய ஒரு தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்புறம், அதாவது சர்வரில், ஜாங்கோவோ லாராவெலோ; முன்புறம், திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட். நான்கு என்ட்ரிகள்: முகப்பு, தேடல், பதிவு, லாட்ஜ்காரர்களுக்கான மேலாளர் பலகை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசனில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வருடத்தில் முதல் தடவையாகத் தளத்தைத் திறப்பவர்கள். ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி பஸ்ஸில் வரும்போதே போனில் அறை தேடுவார்கள். அவர்களுடைய பிரவுசர் கேஷில் இந்தத் தளத்தின் ஒரு பைட்கூட இருக்காது. ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் இருப்பவர் கதை வேறு. அவர் மேலாளர் பலகையைத் தினமும், அதே கணினியில், பலமுறை திறப்பார்.

ஜிஸிப் செய்தபின், அதாவது அனுப்புவதற்காகக் கோப்பைச் சுருக்கியபின், அளவுகள் இப்படி என்று கொள்வோம். ரியாக்டும் ரியாக்ட்-டாமும் சேர்ந்து 45 கேபி. நான்கு பக்கத்துக்கும் வேண்டும். குழு தானே எழுதிய பொதுச் சரக்கு, அதாவது பட்டன்கள், தமிழ் ஆங்கில வாசகங்கள், சர்வரை அழைக்கும் நிரல், 10 கேபி, அதுவும் நான்குக்கும். தேதி நூலகம் 8, முகப்பு நீங்கலாக மற்ற மூன்றுக்கும். அறைப் படங்களைத் தள்ளிப் பார்க்கும் ஸ்லைடர் 12, முகப்புக்கும் தேடலுக்கும். படிவத்தைச் சரிபார்க்கும் நூலகம் 14, பதிவுக்கும் மேலாளருக்கும். சார்ட் நூலகம் 70, மேலாளருக்கு மட்டும். பக்கங்களின் சொந்த நிரல் முறையே 5, 15, 18, 40.

இதை ஐந்து விதமாகப் பிரிக்கலாம். பண்டில் என்பது பல நிரல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே கோப்பு; வெண்டார் என்பது வெளியார் எழுதிய நூலகங்கள். எண்கள் எல்லாம் கேபி.

| வழி | முகப்பை முதலில் திறக்க | முகப்பு, தேடல், பதிவு மூன்றுக்கும் | பொதுச் சரக்கில் ஒரு திருத்தத்துக்குப் பின் முகப்பை மறுபடி திறக்க |
|---|---|---|---|
| பிரிக்கவே இல்லை | 72 | 257 | 72 |
| நூலகங்கள் எல்லாம் ஒரே வெண்டார் பண்டில் | 164 | 217 | 15 |
| பகிரப்படுவது எல்லாம் ஒரே காமன் பண்டில் | 94 | 127 | 89 |
| எந்தெந்தப் பக்கங்கள் பயன்படுத்துகின்றனவோ அந்தக் கூட்டு வாரியாக | 72 | 127 | 55 |
| மேற்படியே, ரியாக்ட் மட்டும் தனியாக | 72 | 127 | 10 |

இரண்டாவது வரியைப் பாருங்கள். நோட்_மாட்யூல்ஸில் (வெளி நூலகங்கள் இறங்கும் அடைவு) உள்ளதை எல்லாம் 'வெண்டார்' என்ற ஒரே கோப்பில் போடும் வழி இணையத்தில் அதிகம் நகலெடுக்கப்படும் உத்தி. மேலாளருக்கு மட்டும் வேண்டிய 70 கேபி சார்ட் நூலகத்தை, பஸ்ஸில் உட்கார்ந்து அறை தேடுகிறவர் போனிலும் இறக்கிவிடுகிறது. கால் கிலோ அல்வா கேட்டவருக்குக் கடையையே பொட்டலம் கட்டிக் கொடுக்கிற மாதிரி. முதல் பக்கத்திலேயே 164 கேபி. ஒன்றும் பிரிக்காமல் விட்டிருந்தால் 72-தான். இறக்குவதோடு செலவு முடிவதும் இல்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் அந்த நிரலைப் படித்து முடிக்கவும் பிராசஸர் நேரம் போகும்.

மூன்றாவது வழி, நிரல் கோப்புகளைத் திரட்டிக் கட்டும் கருவியான வெப்பேக்கின் பழைய காமன்ஸ்சங்க்பிளகின் காலத்து வழி. பகிரப்படுவதை எல்லாம் ஒரு தாய்க் கோப்பில் திரட்டினால், சில பக்கங்கள் தமக்கு வேண்டாததையும் சுமக்கும்; முகப்பு இங்கே தேதி நூலகத்தையும் படிவச் சரிபார்ப்பையும் சும்மா சுமக்கிறது. அந்தக் குறையால்தான் 2018 பிப்ரவரியில் வந்த வெப்பேக் 4 அந்தப் பிளகினை எடுத்துவிட்டு ஸ்ப்ளிட்சங்க்ஸ்பிளகினைக் கொண்டுவந்தது. ஆனாலும் இந்த வழி முழுக்கத் தள்ளத் தக்கதல்ல. என்ட்ரிகள் ஏறக்குறைய ஒரே சரக்கைப் பயன்படுத்தினால், அதிகப்படிச் சுமை மிகச் சிறியதாக இருக்கும். எளிமைக்காகவே அதை எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது வழியில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் (தனி நிரல் கோப்புக்கும்) 'என்னை எந்தெந்த என்ட்ரிகள் கேட்கின்றன' என்ற பட்டியல் போடப்படும். பட்டியல் ஒன்றாக இருப்பவை ஒரே துண்டு. நம் கணக்கில் நான்கு பகிர்வுத் துண்டுகள்: நால்வருக்குமானது 55, மூவருக்குமான தேதி 8, முகப்பு–தேடல் ஸ்லைடர் 12, பதிவு–மேலாளர் சரிபார்ப்பு 14. யாரும் வேண்டாததைச் சுமப்பதில்லை, யாரும் ஒன்றை இரண்டு முறை இறக்குவதும் இல்லை. என்ட்ரிகள் பெருகும்போதுதான் சிக்கல் வரும். என்ட்ரிகளின் கூட்டுகள் அடுக்கடுக்காகப் பெருகும். 4 என்ட்ரிக்குக் கோட்பாட்டளவில் 15 கூட்டு, 10 என்ட்ரிக்கு 1,023. நடைமுறையில் அவ்வளவு வராது என்றாலும், 1 கேபி, 2 கேபி துண்டுகள் டஜன் கணக்கில் வரும். அவற்றுக்கு இரண்டு செலவு. ஒன்று, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வேண்டுகோள். மற்றொன்று, ஜிஸிப் 32 கேபி அளவுக்குப் பின்னோக்கிப் பார்த்துத் திரும்ப வருவதைச் சுருக்கும் முறை. கோப்பு சிறியதானால் பின்னோக்கிப் பார்க்க ஒன்றும் இருக்காது, சுருக்கம் மோசமாகும். சுருக்கியபின் 5 கேபிக்குக் கீழே போகும் துண்டைப் பிரிப்பதைவிட, அது தேவைப்படும் ஒவ்வொரு என்ட்ரியிலும் இரட்டிப்பாகவே கிடக்கட்டும் என்பது எங்கள் கட்சி. கொஞ்சம் நகல் பாவமில்லை.

ஐந்தாவதில் மாற்றம் ஒன்றே ஒன்று. ரியாக்டின் பதிப்பை வருடத்தில் ஓரிரு முறை உயர்த்துவோம். வாசகத் திருத்தமோ வாரத்துக்கு இரண்டு வரும். இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால், 'அறை இல்லை' என்பதை 'அறை காலியில்லை' என்று திருத்தியதற்காக 45 கேபி ரியாக்டும் மறுபடி இறங்கும். நெடுநாள் மாறாததைத் தனியே வைத்தால் 10 கேபியோடு முடியும். அடிக்கடி திரும்பி வருகிறவருக்குத்தான் இதில் லாபம். சீசனில் ஒருமுறை வந்து போகிறவருக்கு நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றே.

இந்தத் தளத்துக்கு ஐந்தாவது. மேலாளர் பலகையின் சார்ட் நூலகத்தைப் பகிர்வுக் கணக்கிலேயே சேர்க்காமல், அறிக்கைத் திரையைத் திறக்கும்போது மட்டும் இறங்கும்படி டைனமிக் இம்போர்ட்டாக மாற்றிவிட வேண்டும்.

இனி, எந்தக் கருவி? முடிவு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றும் சறுக்கும் இடம் வேறு.

வெப்பேக் 5-ல் ஸ்ப்ளிட்சங்க்ஸின் இயல்புநிலை, டைனமிக் இம்போர்ட்டால் வரும் துண்டுகளை மட்டும் தொடும்; 'சங்க்ஸ்' என்ற அமைப்பின் மதிப்பு 'அசிங்க்' என்றிருக்கும். அதனால் பல என்ட்ரி வைத்தவர்கள் எதையும் மாற்றாமல் பில்ட் செய்து, ஒவ்வொரு கோப்பிலும் ரியாக்ட் இருப்பதைப் பார்த்து விழிப்பார்கள். அதை 'ஆல்' என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் நோட்_மாட்யூல்ஸ் நிரலும் சொந்த நிரலும் தானாகவே வெவ்வேறு துண்டுகளாகப் பிரியும். ஆக, ஐந்தாவது வழியின் பாதி வேலை கேட்காமலே நடந்துவிடும். இங்கே பலர் செய்யும் தவறு, கேஷ்குரூப்புக்கு (எந்த மாட்யூல்கள் ஒரு துண்டில் சேர வேண்டும் என்ற விதிக்கு) 'நேம்: வெண்டார்ஸ்' என்று ஒரே பெயர் கொடுப்பது. பெயர் கொடுத்தால் கூட்டு வாரியான பிரிவு போய், பொருந்தும் எல்லாமே அந்த ஒரே கோப்பில் விழும். அட்டவணையின் இரண்டாவது வரிக்குத் திரும்பிவிடுவோம். பெயர் வேண்டுமானால் ரியாக்ட், ரியாக்ட்-டாம், அவை இழுக்கும் ஷெட்யூலர் ஆகியவற்றுக்கு மட்டும் பொருந்தும் ஒரு கேஷ்குரூப்புக்குக் கொடுங்கள். அதன் முன்னுரிமை எண் இயல்பான குழுக்களின் -10, -20 இரண்டையும்விட அதிகமாக இருக்க வேண்டும். மற்றவற்றுக்குப் பெயர் வேண்டாம்.

ஒரு துண்டு தனியாகப் பிரிவதற்கான குறைந்தபட்ச அளவு, மின்சைஸ், இயல்பாக 20,000 பைட். இது சுருக்குவதற்கும் ஜிஸிப்புக்கும் முந்தைய அளவு. ஆகவே கையில் வரும்போது 5, 6 கேபியாகும் துண்டும் அந்த வாசலைத் தாண்டி வந்துவிடலாம். துண்டுகள் பெருகினால் இதை 40,000, 50,000 என்று ஏற்றிப் பாருங்கள்.

பின்புற டெம்ப்ளேட்டில் ஸ்கிரிப்ட் டேகைக் கையால் எழுதுகிற குழுக்களுக்கு ஒரு வம்பு உண்டு. பிரித்தபின் முகப்புக்கு 'ஹோம்' கோப்பு மட்டும் போதாது. ரியாக்ட் துண்டு, பொதுத் துண்டு, ஸ்லைடர் துண்டு எல்லாம் டேகில் வர வேண்டும். ஒன்று விடுபட்டால் பக்கம் வெறுமையாக நிற்கும், கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூட வராது. வெப்பேக்கின் என்ட்ரி, தனக்கு வேண்டிய துண்டுகள் எல்லாம் வந்து சேரும்வரை ஓடாமல் காத்திருக்கும்படிதான் கட்டப்பட்டது. வராத துண்டுக்காக அது பேசாமல் காத்துக்கொண்டே இருக்கும். மருந்து: எந்த என்ட்ரிக்கு எந்தெந்தக் கோப்புகள் என்ற பட்டியலைப் பில்டிலிருந்தே மேனிஃபெஸ்ட்டாக எழுதச் செய்து, டெம்ப்ளேட் அதைப் படித்து டேக் போட வேண்டும். நிலையான பக்கங்களானால் ஹெச்டிஎம்எல் வெப்பேக் பிளகினே அந்த வேலையைப் பார்க்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் 'சங்க்ஸ்' பட்டியலில் என்ட்ரி பெயரை மட்டும் கொடுத்தால் போதும்.

ஒரே பக்கத்தில் இரண்டு என்ட்ரி ஏறும் இடத்தில், உதாரணமாக முகப்பில் 'ஹோம்' என்ட்ரியும் தனியாக ஓர் அரட்டைப் பெட்டி என்ட்ரியும் இருந்தால், ரன்டைம்சங்க் 'சிங்கிள்' என்று வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு என்ட்ரியும் தனக்கென ஒரு ரன்டைம் (மாட்யூல்களை ஏற்றி ஓட்டும் சிறு நிரல்) வைத்துக்கொள்ளும். பொது மாட்யூல் கோப்பில் ஒன்றாக இருந்தாலும் இரண்டு முறை உயிர்பெறும். உள்நுழைந்தவர் யார் என்ற நிலை ஒரு பக்கம் தெரியும், மறுபக்கம் தெரியாது. இந்த வகைப் பிழையைத் தேடுவது போல நேரத்தைத் தின்னும் வேலை வேறில்லை.

ரோலப்பும், அதன்மேல் கட்டப்பட்ட வீட் (Vite) பதிப்புகளும் நான்காவது வழியை எந்த அமைப்பும் இல்லாமலே செய்யும். பல இன்புட் கொடுத்தால் கூட்டு வாரியாகத் துண்டுகள் வந்துவிடும். ஆனால் நூலகம், சொந்த நிரல் என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. ரியாக்டும் பொதுச் சரக்கும் நால்வருக்கும் வேண்டியவை என்பதால் ஒரே துண்டில் சேர்ந்துவிடும். ரியாக்டை மேனுவல்சங்க்ஸ் வழியாகக் கையால் பிரிக்க வேண்டும். அங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, ஒரு மாட்யூலை மேனுவல்சங்க்ஸில் போட்டால் அது சார்ந்திருப்பவையும் கூடவே அந்தத் துண்டுக்குள் வரும். 'காமன்' என்று ஏதோ ஒரு சொந்தக் கோப்பைக் காட்டினால், அதன் பின்னால் தேதி நூலகமும் படிவ நூலகமும் வரிசையாக வந்து உட்காரும். இரண்டாவது இன்னும் முக்கியம். வெப்பேக்கில் ஒரு துண்டு இறங்கினால் அதிலுள்ள மாட்யூல்கள் பதிவாகும், அவ்வளவுதான். யாராவது கேட்கும்போதே ஓடும். ரோலப் துண்டு உண்மையான இஎஸ் மாட்யூல் (பிரவுசரே நேரடியாகப் புரிந்துகொள்ளும் மாட்யூல்), இறங்கியதும் முழுவதும் ஓடும். மேலாளர் உள்நுழைந்திருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் உள்நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளும் நிரலைக் கையால் 'காமன்' துண்டில் சேர்த்துவிட்டால், அறை தேட வந்தவரும் அந்தப் பக்கத்துக்குத் தள்ளப்படுவார். மேனுவல்சங்க்ஸில் நூலகங்களை மட்டும் வையுங்கள். இம்போர்ட் செய்ததுமே ஏதாவது செய்துவிடும் சொந்த நிரலை வைக்காதீர்கள்.

இஎஸ் மாட்யூல் துண்டுகளுக்கு இன்னொரு குணம். என்ட்ரி கோப்பில்தான் 'இந்தத் துண்டை எடு' என்ற வரி இருக்கிறது. என்ட்ரி இறங்கிப் படிக்கப்பட்ட பிறகே துண்டின் பெயர் பிரவுசருக்குத் தெரியும்; அந்தத் துண்டு இன்னொன்றைக் கேட்டால் மறுபடி ஒரு சுற்று. மலையடிவாரத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒவ்வொரு சுற்றும் உறைக்கும். மாட்யூல்ப்ரிலோட் என்ற லிங்க் டேக் போட்டு எல்லாத் துண்டுகளையும் ஒரே மூச்சில் கேட்கச் செய்யலாம். என்ட்ரி ஹெச்டிஎம்எல்லாக இருந்தால் வீட் அதைத் தானே போடும். ஜாங்கோ, லாராவெல் டெம்ப்ளேட்டில் டேகைக் கையால் போடுவதென்றால் வீட் கருவியின் மேனிஃபெஸ்ட்டில் 'இம்போர்ட்ஸ்' பட்டியலை அடுக்கடுக்காகப் பின்தொடர்ந்து போட வேண்டும். துண்டுகளோடு ஒட்டிய சிஎஸ்எஸ் கோப்புகளின் பெயர்களும் அதே மேனிஃபெஸ்ட்டில், அந்தந்தத் துண்டின் கீழ்தான் இருக்கும். நேரடி என்ட்ரியின் சிஎஸ்எஸ் மட்டும் போட்டுவிட்டு, பொது பட்டன்கள் அலங்காரமில்லாமல் நிற்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

கோப்புப் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) இருப்பதால் வரும் சங்கிலியையும் கவனிக்க வேண்டும். இஎஸ் வெளியீட்டில் என்ட்ரியின் உள்ளேயே துண்டின் முழுப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. துண்டு மாறினால் அதன் பெயர் மாறும். பெயர் மாறினால் அதைக் கேட்கும் கோப்பின் உள்ளடக்கமும் பெயரும் மாறும். அட்டவணையின் கடைசி எண்ணான 10, வெப்பேக்குக்குச் சரி; ரோலப்பில் முகப்பின் சொந்த 5 கேபியும் சேர்ந்து 15 ஆகும். நாலாவது வரியிலும் அப்படியே, 60. வெப்பேக்கில் என்ட்ரி தனக்கு வேண்டிய துண்டுகளை எண்ணால் அழைக்கிறது, உற்பத்திப் பில்டில் அந்த எண்கள் நிலையானவை என்பதால் சங்கிலி அறுந்துவிடுகிறது.

ஈஎஸ்பில்ட் வேகத்துக்குப் பெயர்போனது. 'ஸ்ப்ளிட்டிங்' கொடியைக் கொடுத்தால் கூட்டு வாரியாகப் பிரிக்கும். ஃபார்மேட் இஎஸ்எம் ஆக இருக்க வேண்டும், வெளியீட்டு அடைவும் குறிப்பிட வேண்டும். கையால் பிரிக்க வழியில்லை, மிகச் சிறிய துண்டுகளைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பும் இல்லை. என்ட்ரி பெயரில் இயல்பாக ஹாஷ் வராது என்பதால் 'என்ட்ரி-நேம்ஸ்' அமைப்பையும் எழுத வேண்டும். நான்கைந்து என்ட்ரி உள்ள உள்வேலைக் கருவிக்கு இது தாராளம். சீசன் கூட்டம் தாங்க வேண்டிய தளத்துக்கு மற்ற இரண்டில் ஒன்றே நல்லது.

ரியாக்டை வெளி சிடிஎன்னிலிருந்து (பல தளங்களுக்கும் பொதுவாகக் கோப்புகளைத் தரும் சர்வர்களிலிருந்து) எடுத்தால் மற்ற தளங்களில் ஏற்கெனவே இறங்கிய பிரதி கிடைக்குமே என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலம் முடிந்தது. குரோம் 86 (2020 அக்டோபர்), ஃபயர்ஃபாக்ஸ் 85 (2021 ஜனவரி) முதல் கேஷ் தளத்துக்குத் தளம் தனித்தனி. சஃபாரி அதற்கும் வெகுமுன்பே. இப்போது சிடிஎன் தருவது கூடுதல் டிஎன்எஸ் தேடலும் ஒரு டிஎல்எஸ் கைகுலுக்கலும்தான்.

எத்தனை துண்டு வரை தாங்கும் என்பது சர்வரைப் பொறுத்தது. ஹெச்டிடிபி 1.1-ல் ஒரு முகவரிக்குக் குரோம் ஒரே நேரத்தில் 6 இணைப்பு வரைதான் திறக்கும்; பக்கத்துக்கு 4, 5 துண்டுக்குமேல் போனால் படங்களோடு போட்டி போட வேண்டும். ஹெச்டிடிபி 2 இருந்தால் 10, 15 கூடப் பிரச்சினையில்லை. என்ஜின்எக்ஸ் சர்வரில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று பிரவுசரின் நெட்வொர்க் தாளில் 'புரோட்டகால்' பத்தியைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு மின்சைஸைத் தொடுங்கள். பிரித்தது சரிதானா என்று பார்க்க வெப்பேக்குக்கு பண்டில் அனலைசர், ரோலப்புக்கு விஷுவலைசர் பிளகின், ஈஎஸ்பில்ட்டுக்கு மெட்டாஃபைல். குரோமின் கவரேஜ் தாள், இறங்கியதில் எவ்வளவு ஓடவே இல்லை என்று காட்டும்; முகப்பில் பொதுத் துண்டின் முக்கால்வாசி சிவப்பாக இருந்தால் பிரித்தது தப்பு.

பிரிக்கவே கூடாத இடமும் உண்டு. அருவியில் இன்று தண்ணீர் எப்படி என்று மட்டும் காட்டும் ஒரு தனிப் பக்கம், வாட்ஸ்அப்பில் லிங்க்காகப் பரவுவது, என்று வைத்துக்கொள்வோம். அதைத் திறப்பவர் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அறைப் பதிவுக்கு வருவது அபூர்வம். அந்தப் பக்கத்துக்கு ரியாக்டே வேண்டாம். தன் 3 கேபி நிரலோடு அது தனியாகவே இருக்கட்டும். வெப்பேக்கில் 'சங்க்ஸ்' அமைப்புக்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்து அந்த என்ட்ரியைப் பிரிவிலிருந்து விலக்கலாம். அதைவிடச் சுலபம், அதற்கு வேறொரு பில்ட்.

கடைசியாக டெப்ளாய், அதாவது பில்டைச் சர்வரில் ஏற்றுவது. ஹாஷ் உள்ள கோப்புகளுக்கு கேஷ்-கன்ட்ரோலில் மேக்ஸ்-ஏஜ் 31536000, இம்மியூட்டபிள், ஹெச்டிஎம்எல்லுக்கு நோ-கேஷ். இரண்டையும் மாற்றிப் போட்டவர்கள் உண்டு. புதிய பில்டை ஏற்றும்போது பழைய துண்டுகளை அழித்துவிடாதீர்கள். காலையில் திறந்த பக்கத்தைப் போனில் அப்படியே வைத்திருந்து, குளித்துவிட்டு வந்து சாயங்காலம் தேதி கட்டத்தைத் தொடுபவருக்கு, டைனமிக் இம்போர்ட் பழைய பெயரையே கேட்கும். 404 வந்தால் பொத்தான் செத்துவிடும். முதலில் புதிய ஜேஎஸ் கோப்புகள், பிறகு ஹெச்டிஎம்எல் என்ற வரிசையில் ஏற்றுங்கள். பழைய துண்டுகளை ஒரு மாதமாவது வைத்திருந்து, அதன்பின் எந்த மேனிஃபெஸ்ட்டிலும் இல்லாதவற்றை மட்டும், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டுத் துடைக்கலாம்.